டேக்கை நகர்த்தாதீர்கள், இமேஜை உறைய வைக்காதீர்கள்: பொதுச் சோதனை இமேஜ்களைப் பராமரிக்கும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பல குழுக்களும் பயன்படுத்தும் சோதனை இமேஜ்களை (சோதனைக்கான இயங்குதளக் கோப்புகளும் கருவிகளும் அடங்கிய பொதிகளை) டாக்கர் கொண்டு கட்டி, அவற்றின் பொதுக் கிடங்கான ரெஜிஸ்ட்ரியில் ஏற்றுபவர்கள் நீங்கள். அவற்றிலிருந்து எழும் கன்டெய்னர்களுக்குள் (தனித்த இயங்கு சூழல்களுக்குள்) தானியங்கிச் சோதனைகளை ஓட்டுபவர்கள் நாங்கள். நிரலில் ஒரு வரிகூட மாறாமல் பைப்லைன் (கட்டுவதையும் சோதிப்பதையும் தானாகச் செய்யும் தொடர்) திடீரென்று சிவப்பாகும்போது, அதாவது தோற்கும்போது, எவரும் முதலில் தம் நிரலைத்தான் குடைவார்கள். அடியில் இருந்த இமேஜ் மாறிவிட்டது என்பது கடைசியில்தான் தெரியவரும். அதனால் கேட்கிறோம்: சோதனை இமேஜையும் ஒரு முறையான வெளியீடாக நடத்துங்கள். தேதியிட்டு வெளியிடுங்கள், வெளியிட்டதைத் தொடாதீர்கள், அடுத்ததைத் தவறாமல் கட்டுங்கள்.

முதலில் டேக் பற்றி, அதாவது இமேஜின் பதிப்பைக் குறிக்கும் பெயர் பற்றி. 'லேட்டஸ்ட்' ஆபத்தானது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் '3.12' போன்ற எண் டேக்கும் அதே அளவு ஆபத்தானதுதான். ரெஜிஸ்ட்ரியில் ஏற்றும் உரிமை உள்ள யார் வேண்டுமானாலும் அதை வேறு இமேஜுக்குத் திருப்பிவிடலாம். பல இயந்திரங்களில் (நோடுகளில்) கன்டெய்னர்களை ஓட்டும் குபெர்னெடீஸில் இது இன்னும் மோசம். 'லேட்டஸ்ட்' என்றால் அது ஒவ்வொரு முறையும் ரெஜிஸ்ட்ரியைக் கேட்கும். வேறு டேக் என்றால், நோடில் அந்தப் பெயரில் ஏற்கெனவே இமேஜ் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளும். இதுதான் அதன் இயல்பான அமைப்பு. ஆகவே நீங்கள் '3.12'ஐ நகர்த்தினால், பழைய நோடில் பழைய இமேஜும் புதிய நோடில் புதிய இமேஜும் ஒரே பெயரில் ஓடும். ஒரே சோதனை ஓரிடத்தில் தேறி இன்னோரிடத்தில் தோற்கும். அதை நிலையற்ற சோதனை என்று முத்திரை குத்தி ஒதுக்கிவிடுவார்கள்.

டேக்கின் முடிவில் கட்டிய தேதியைச் சேருங்கள். ரெஜிஸ்ட்ரியில் டேக்கை மாற்ற முடியாதபடி பூட்டுங்கள். பெரும்பாலான ரெஜிஸ்ட்ரிகளில் அந்த வசதி உண்டு. நகரும் டேக் ஒன்று வேண்டுமென்றால், முன்னோட்டம் பார்ப்பவர்களுக்காகத் தனியே இருக்கட்டும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அதன் ஷா-256 டைஜெஸ்ட்டையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளத்தையும்) அறிவியுங்கள். இங்கே ஒரு நுணுக்கம்: பல சிப் வகைகளுக்குக் கட்டிய இமேஜுக்கு மேலே ஒரு பட்டியல் டைஜெஸ்ட் இருக்கும்; அதன் கீழே ஒவ்வொரு சிப்புக்கும் தனி டைஜெஸ்ட் இருக்கும். நீங்கள் இன்டெல் வகையின் டைஜெஸ்ட்டைக் கொடுத்தால், ஆர்ம் இயந்திரத்தில் 'எக்ஸெக் ஃபார்மேட் எரர்' என்று நின்றுவிடும். பட்டியலின் டைஜெஸ்ட்டையே கொடுங்கள்.

டேக்கைப் பூட்டச் சொன்னதும், இமேஜை அப்படியே வருடக்கணக்கில் விட்டுவைக்கலாம் என்று பொருள் கொள்ள வேண்டாம். தொடாத இமேஜும் கெடும். 2021 செப்டம்பர் 30 அன்று இணையதளங்களுக்கு இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் சார்ந்திருந்த பழைய ரூட் சான்றிதழ் (மற்றவற்றின் நம்பகத்தன்மைக்கு அடிப்படையான சான்றிதழ்) காலாவதியானது. ஓபன்எஸ்எஸ்எல் 1.0.2 போன்ற பழைய குறியாக்க நூலகம் இருந்த இமேஜ்கள், யாரும் எதையும் மாற்றாமலேயே, பல தளங்களோடு பேச மறுத்தன. சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸின் ஆதரவு 2024 ஜூன் 30இல் முடிந்தது. அதன் மிரர் பட்டியல் (பேக்கேஜ்களை இறக்கும் சர்வர்களின் பட்டியல்) முகவரியும் மறைய, அந்த இமேஜுக்குள் பேக்கேஜ்களை நிறுவும் 'யம்' கருவி வேலை செய்யாமல் போனது. இமேஜ் ஓடும், ஆனால் அதற்குள் புதிதாக ஒரு பேக்கேஜைக்கூடப் போட முடியாது.

வாரம் ஒருமுறை மறுபடி கட்டுங்கள். கேஷ் (முன்பு கட்டியதன் சேமிப்பு) இல்லாமல் கட்டுங்கள் என்பதுதான் இதில் முக்கியம். பல குழுக்கள் வாரந்தோறும் கட்டுவதாகவே நம்பிக்கொண்டிருக்கின்றன. உண்மையில் எதுவும் மாறுவதில்லை. டாக்கர்ஃபைலில் (இமேஜைக் கட்டும் செய்முறைக் கோப்பில்) கட்டளையை ஓட்டும் ரன் வரியின் எழுத்துகள் மாறாதவரை, அது உருவாக்கிய பழைய லேயரே (அடுக்கே) கேஷிலிருந்து வரும். பேக்கேஜ் ரெபாசிட்டரியில் பாதுகாப்புத் திருத்தம் வந்திருக்கிறதா என்று பில்டர் பார்ப்பதே இல்லை. அடிப்படை இமேஜும் அப்படித்தான்: 'புல்' விருப்பத்தைச் சேர்க்காவிட்டால், பில்ட் இயந்திரத்தில் என்றோ இறங்கிய பிரதியின் மேலேயே கட்டிக்கொண்டிருக்கக்கூடும். வாராந்திரக் கட்டுமானத்தில் 'புல்', 'நோ-கேஷ்' இரண்டும் இருக்க வேண்டும்.

பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிக்கும் 'ஆப்ட்-கெட் அப்டேட்', பேக்கேஜை நிறுவும் 'இன்ஸ்டால்' இரண்டையும் ஒரே ரன் வரியில் எழுதுங்கள். பிரித்து எழுதினால், அப்டேட் லேயர் கேஷில் தங்கிவிடும். இன்ஸ்டால் வரியை மாற்றும் நாளில், பழைய பட்டியலை வைத்துக்கொண்டு, ரெபாசிட்டரியிலிருந்து எப்போதோ நீக்கப்பட்ட பதிப்பைத் தேடி 404 ('கிடைக்கவில்லை') வாங்கும். பட்டியல் கோப்புகளை அழிப்பதும் அதே வரியில்தான் நடக்க வேண்டும். அடுத்த லேயரில் அழித்தால் கோப்பு கண்ணுக்குத்தான் மறையும். அளவு ஒரு பைட்கூடக் குறையாது. ரகசியத்துக்கும் இதே விதி. டோக்கனை (கடவுச்சொல் போன்ற ரகசியத்தை) 'ஆர்க்' என்ற பில்ட் மாறி வழியாகக் கொடுத்தால் 'டாக்கர் ஹிஸ்டரி' அதைக் காட்டிக்கொடுக்கும். டாக்கரின் பில்டரான பில்ட்கிட்டில், ரகசியத்தை இமேஜில் பதியாமல் தரும் சீக்ரெட் மவுன்ட் இருக்கும்போது அதற்கு அவசியமே இல்லை.

அளவைக் குறைக்கும் ஆர்வத்தில் ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸுக்குத் தாவ வேண்டாம். சில மெகாபைட்தான் என்பது கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் அதன் சி நூலகம் (நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை நூலகம்) மஸ்ல். உற்பத்திச் சூழல் இன்னொரு சி நூலகமான ஜிலிப்சியில் ஓடும்போது சோதனையை மஸ்லில் ஓட்டினால், சோதிக்கப்படுவது வேறொரு சூழல். பைத்தானில் மஸ்லுக்கான வீல் (முன்பே தொகுத்த பேக்கேஜ்) வகை 2021இல்தான் வரையறுக்கப்பட்டது. இன்றும் அந்த வீல் வெளியிடாத பேக்கேஜ்கள் உண்டு. அவை மூலத்திலிருந்து தொகுக்கப்படும்; அதற்கு கம்பைலரும் ஹெட்டர்களும் வேண்டும்; மிச்சப்படுத்திய இடமும் நேரமும் அங்கேயே கரைந்துவிடும். எல்லா இமேஜ்களையும் ஒரே அடிப்படை இமேஜின் மேல் கட்டுங்கள். ரன்னரில் (சோதனை ஓடும் இயந்திரத்தில்) அந்த லேயர் ஏற்கெனவே இருக்கும். மேலே இருக்கும் வித்தியாசம் மட்டும் இறங்கும்.

பயனர் அடையாளம் எங்களை அதிகம் அலைக்கழிப்பது. கன்டெய்னர் ரூட்டாக (எல்லா உரிமையும் உள்ள பயனராக) ஓடி, வெளியிலிருந்து மவுன்ட் செய்த கோப்புறையில் எழுதினால், அந்தக் கோப்புகள் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும். அடுத்த வேலை அதைச் சுத்தம் செய்ய வரும்போது அனுமதி இல்லை என்று விழும். தலைகீழாகவும் நடக்கும்: நிரலின் பதிப்புகளைப் பேணும் கிட் கருவியின், 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 பதிப்பு, ஒரு பாதுகாப்புத் திருத்தமாக, வேறு பயனருக்குச் சொந்தமான நிரல் ரெபாசிட்டரியில் இயங்க மறுக்கத் தொடங்கியது. திருத்தம் சரியானதே. ஆனால் நகரும் டேக்கில் அது வந்து சேர்ந்த இடங்களில் நிரல் இறங்கிய செக்அவுட் கோப்புறை 1000ஆம் எண் பயனருடையது, கன்டெய்னர் ஓடியது ரூட்டாக. 'சேஃப் டைரக்டரி' அமைப்பைச் சேர்க்கும்வரை கிட் கட்டளைகள் விழுந்தன. தேதியிட்ட டேக் இருந்திருந்தால், நிதானமாகச் சரிசெய்துவிட்டு மாறியிருக்கலாம்.

எனவே இமேஜில் ரூட் அல்லாத பயனர் ஒருவரை உருவாக்குங்கள். அதோடு நிற்காமல், எந்த எண்ணைக் கொடுத்து இயக்கினாலும் ஓடும்படி செய்யுங்கள். பாஸ்வேர்ட் கோப்பில் இல்லாத எண்ணைக் கொடுத்தால், டாக்கர் ஹோம் மாறியை (பயனரின் சொந்தக் கோப்புறையைக் காட்டுவதை) வெறும் '/' என்று வைத்துவிடும்; கேஷ் எழுத முயலும் கருவிகள் எல்லாம் அங்கே முட்டிக்கொள்ளும். எவரும் எழுதக்கூடிய ஒரு கோப்புறையை உருவாக்கி, ஹோம் அதையே காட்டும்படி அமைத்தால் போதும்.

வெளியிடும் முன் இமேஜையே சோதியுங்கள். கருவிகளின் பதிப்பை அச்சிட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது. ஹெட்லெஸ் குரோமை (திரையில்லாமல் ஓடும் உலாவியை) எழுப்பி ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். குரோமும் அதை இயக்கும் குரோம்டிரைவரும் ஒரே பெரும்பதிப்பு எண்ணில் இல்லாவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும். தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு கோப்பை உருவாக்கிப் படியுங்கள். டெபியன் அடிப்படை இமேஜில், மொழியையும் எழுத்துக் குறியீட்டையும் சொல்லும் 'லாங்' மாறி அமைக்கப்படுவதில்லை. பைத்தான் 3.7 முதல் தானே சமாளித்துக்கொள்ளும். மற்ற எல்லாம் அப்படியல்ல. 'சி.யூடிஎஃப்-8' என்று நீங்களே அமைத்துவிடுங்கள். நேர மண்டலத்தைச் சொல்லும் 'டிஇசட்' மாறியில் நியூயார்க்கைக் கொடுத்து மணி கேளுங்கள். டைம்சோன் தரவு இல்லாத இமேஜ் பிழை எதுவும் காட்டாமல் யூடிசி நேரத்தைச் சொல்லும். தேதிச் சோதனைகள் ஏன் தோற்கின்றன என்று தேடுபவருக்கு அதில் துப்பே கிடைக்காது.

இந்தச் சோதனையை உங்களிடம் இருக்கும் மிகப் பழைய ரன்னரிலும் ஓட்டுங்கள். ஜிலிப்சி 2.34 புதிய த்ரெட்டைத் தொடங்க 'குளோன்3' என்ற கெர்னல் அழைப்பைப் பயன்படுத்துகிறது. டாக்கர் 20.10.10க்கு முந்தைய செக்காம்ப் வடிகட்டி அந்த அழைப்பை 'அனுமதி இல்லை' என்று மறுத்தது. 'அப்படி ஓர் அழைப்பே இல்லை' என்று சொல்லியிருந்தால் ஜிலிப்சி பழைய வழிக்குத் திரும்பியிருக்கும். புதிய இமேஜ் பழைய இயந்திரத்தில் மர்மமாக விழுவதற்கு இதுபோன்ற காரணங்கள் உண்டு. குறைந்தபட்சம் டாக்கரின் எந்தப் பதிப்பு வேண்டும் என்பதை வெளியீட்டுக் குறிப்பில் எழுதுங்கள்.

இயக்கும்போது கொடுக்க வேண்டிய அமைப்புகளும் அந்தக் குறிப்பில் வரட்டும். டாக்கர் பகிர்வு நினைவகமாக இயல்பில் 64 எம்பி மட்டுமே தரும். கனமான பக்கத்தில் குரோம் டேப் செத்துவிழும். 'எஸ்எச்எம்-சைஸ்' கொடுத்து உயர்த்த வேண்டும். 'இனிட்' விருப்பத்தையும் பரிந்துரையுங்கள். இல்லாவிட்டால் சோதனை பெற்றுப்போட்ட செயல்முறைகள், முடிந்தும் நீங்காத ஜோம்பிகளாகத் தேங்கும்.

சிபியூ எண்ணிக்கையை மட்டும் நீங்களே கையாள முடியும். 64 கோர் இயந்திரத்தில் கன்டெய்னருக்கு 4 சிபியூ என்று வரம்பிட்டாலும், சிபியூ எண்ணிக்கையைச் சொல்லும் 'என்ப்ராக்' கட்டளையின் பழைய பதிப்புகள் 64 என்றே சொல்லும். நேர ஒதுக்கீட்டு வரம்பு அவற்றின் கணக்கில் வராது. சோதனை இயக்கி 64 ஒர்க்கர்களை எழுப்பும், நினைவகம் தீரும், 137 என்ற குறியீட்டோடு எல்லாம் கொல்லப்படும் (128உடன் கில் சிக்னலின் 9ஐக் கூட்டினால் 137). ஜாவா, 8இன் 191ஆம் அப்டேட்டிலிருந்து வரம்பைத் தானே படிக்கிறது. மற்ற கருவிகளை நம்பியிருக்க முடியாது. என்ட்ரிபாயின்ட் ஸ்கிரிப்டில் (கன்டெய்னர் தொடங்கும்போது ஓடுவதில்), வள வரம்புகளை வைக்கும் கெர்னல் வசதியான சிகுரூப்பின் 'சிபியூ.மேக்ஸ்' கோப்பைப் படியுங்கள். அதில் '400000 100000' என்று இருந்தால், முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து 4 என்று ஒரு சூழல் மாறியில் வையுங்கள். 'மேக்ஸ்' என்ற சொல் இருந்தால் வரம்பில்லை என்று பொருள். அதை வகுக்கப் போய் ஸ்கிரிப்ட் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வெளியீட்டோடும் பேக்கேஜ் பட்டியலையும், முந்தைய வெளியீட்டிலிருந்து எவையெல்லாம் மாறின என்பதையும் இணையுங்கள். டெபியனின் பேக்கேஜ் கருவியான 'டிபிகேஜி' தரும் இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டால் ('டிஃப்' செய்தால்) கிடைத்துவிடும்.

கடைசியாக, நீக்கும் கொள்கை. ரெஜிஸ்ட்ரியின் குப்பை அகற்றி, டேக் இல்லாத இமேஜ்களைத் துடைக்கும். டைஜெஸ்ட்டை நம்பி எழுதிய பைப்லைன் மறுநாள் 'மேனிஃபெஸ்ட் அன்னோன்' (அப்படி ஓர் இமேஜ் இல்லை) என்று நிற்கும். தேதியிட்ட டேக்குகளைக் குறைந்தது ஆறு மாதம் வைத்திருங்கள். நீண்ட கால ஆதரவு உள்ள வெளியீட்டுக் கிளைகள் பயன்படுத்தும் இமேஜ்களை, அந்த ஆதரவு முடியும்வரை, விலக்குப் பட்டியலில் சேருங்கள். நீக்குவதற்கு இரண்டு வாரம் முன்னதாக, எந்த டேக்குகள் போகப்போகின்றன என்று அறிவியுங்கள். அந்தக் காலத்தில் யாரெல்லாம் அவற்றை இறக்குகிறார்கள் என்பது உங்கள் ரெஜிஸ்ட்ரி பதிவுகளிலேயே இருக்கும். அவர்களுக்கு நேராகவே சொல்லிவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் இமேஜ்களில் சோதனைகளை ஓட்டும் பொறியாளர்கள்