மகனுக்கு, ஹட்டனிலிருந்து

இயேசு மரி சூசை துணை

அன்பு மகன்,

போன்ல பேசினா "கடையில ஆள், அம்மா"ன்னு வச்சிடுற, அதான் எழுதுறேன். அப்பாவுக்கு இருமல் குறைஞ்சிருக்கு. தங்கச்சி நல்லாப் படிக்கிறா.

நீ அனுப்பின படம் பார்த்தோம். சட்டை நல்லாருக்கு. கழுத்துல கயித்துல தொங்குற மாதா உத்தரியத்தைக் காணோம். கயிறு அறுந்திருந்தா சொல்லு, மண்ணிறத் துணியில ரெண்டு துண்டு வெட்டி ஓரம் மடிச்சுத் தச்சு வச்சிருக்கேன்.

சித்தி மகன் வந்திருந்தான். திருநீற்றுப் புதனுக்கு நெத்தியில சாம்பல் சிலுவையோட கடைக்குப் போனியாம். "பட்டை போடத் தெரியாதா"ன்னு கூட இருக்கிற பிள்ளைகள் சிரிச்சாங்களாம். ரூம்ல சிலுவை போட்டுச் சாப்பிட்டதுக்கு, "மாவு பக்கட்டுக்காக வேதத்துக்கு மாறினவங்களா"ன்னும் கேட்டாங்களாம். போன வருசக் குருத்தோலைய எரிச்ச சாம்பல்னு அந்தப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? கேட்டா சொல்லு. சண்டைக்குப் போகாத. மாவு பக்கட் கதைக்கு மட்டும் வாய மூடிட்டு இருக்காத. பூட்டன் இந்தியாவுல இருந்து வரும்போதே மடியில ஜெபமாலை வச்சிருந்தவரு. பெட்டியில இருக்கு, நீ தொட்டுப் பார்த்தது தானே.

2015ல காலிமுகத்திடல்ல பாப்பரசர் யோசப் வாஸ் அடிகளாருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தப்ப அப்பா தோள்ல ஏறி நின்னு பார்த்தியே. அவரையும் 1692ல கண்டியில போர்த்துக்கீச ஒற்றன்னு சொல்லி அடைச்சு வச்சாங்க. அதே ஊர்ல அம்மை பரவினப்ப ஓடாம இருந்து நோயாளிகளைப் பார்த்தாரு. 1711ல அங்கேயே கண்ண மூடினாரு.

மாரியம்மன் தேருக்கு வடம் பிடிச்சு வளர்ந்த பிள்ளை நீ. அவங்க சாமிய நீ ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்ல. அதுல எனக்குப் பெருமை. பதிலுக்கும் சொல்லிடாத. சண்டை வேணாம். ஆனா ஒண்ணு மகன், அடுத்தவன் சிரிக்கிறான்னு கழட்டி வைக்கிறதா இருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கயிறு அறுந்திருந்தா இத விட்ரு.

கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் உனக்கு நடக்கிற தூரம். 2019 உயிர்த்த ஞாயிறு அன்னைக்கு அங்க குண்டு வெடிச்சதுல இருந்து அந்தப் பேரைக் கேட்டாலே எனக்கு வயித்தைக் கலக்கும். அன்னைக்கு அங்க செத்தவங்களும் பூசைக்குன்னு போனவங்க தான். இருந்தும் செவ்வாய்க்கிழமையில போன்னு தான் சொல்றேன். வாசல்ல பையைச் சோதிச்சா கோவிக்காத. உள்ள போனதும் ஒரு மெசேஜ் போடு, வெளிய வந்ததும் இன்னொண்ணு போடு.

உத்தரியத்தை சித்தி மகன்கிட்ட கொடுத்து விடுறேன். அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது, அவர் பேசினா நீயும் காட்டிக்காத.

அம்மா