வட்டமாகத் தெரியும் உடல்கள்

அன்புள்ள சுந்தரத்திற்கு,

உன் மடல் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து மறுபடியும் மாலை நடைக்குப் போகிறாய் என்று படித்து மனம் நிறைந்தது. இங்கு அனைவரும் நலம்.

சக்கரம்போல் நடுவைச் சுற்றி ஒரே சீராக அமையும் ஆரச் சமச்சீர் கொண்ட சொறிமீனும் கடல் சாமந்தியும், நம் உடல்போல் இடமும் வலமும் ஒத்திருக்கும் இருபக்கச் சமச்சீருக்கு முந்தைய நிலையைக் காட்டுகின்றனவா என்று உன் பேத்தி கேட்டதாக எழுதியிருந்தாய். நாம் கல்லூரியில் அப்படித்தான் படித்தோம். ஆனால் அவளுடைய ஐயம் நியாயமானது.

கடல் சாமந்தி மேலிருந்து பார்க்கப் பூப்போல் வட்டமாகத் தெரிந்தாலும், அதன் வாய் நீண்ட பிளவாக இருக்கிறது. அப்பிளவின் ஒரு முனையிலோ இரு முனைகளிலுமோ நீரை உள்ளே செலுத்தும் பள்ளம் உண்டு. உடற்குழியிலுள்ள தடுப்புகளும் அந்த அச்சையொட்டியே அமைகின்றன. உவர்நீர்ச் சேற்றில் வாழும் நெமட்டோஸ்டெல்லா என்னும் சிறிய சாமந்தியின் கருவை ஆராய்ந்தவர்கள், முதுகையும் வயிற்றையும் வேறுபடுத்த நம் உடல் பயன்படுத்தும் மரபணு வகை அங்கே ஒரு பக்கத்தில் மட்டும் செயல்படுவதை 2004இல் காட்டினார்கள். உடலின் எப்பகுதி எங்கே அமைய வேண்டும் என்று தீர்மானிக்கும் ஹாக்ஸ் மரபணுக்களும் அவ்வாறே பக்கம் பார்த்துச் செயல்படுகின்றன. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை.

சொறிமீன்களின் கிளையோ வேறு விதமானது. நிலவுச் சொறிமீனின் கண்ணாடி உடலில் நான்கு இனப்பெருக்க உறுப்புகள் நாற்புறமும் சீராக நிற்கின்றன. பெரும்பாலான விலங்குகளிலும் சாமந்திகளிலும் வளையமாக இருக்கும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ., இக்கிளையில் நேர்க்கோட்டு இழையாக மாறியிருக்கிறது. ஆகவே சொறிமீனைத் தொன்மை மாறாத உயிராகக் கொள்வதற்கில்லை. இருபக்க அமைப்பு நமக்கும் இவற்றுக்கும் பொதுவான மூதாதையிடமே இருந்து, பின்னர் சொறிமீன் கிளையில் மறைந்தது என்ற கருத்தின் பக்கமே நான் சாய்கிறேன். இருபக்க அமைப்புள்ள இளவுயிரியாகத் தொடங்கி ஐந்து ஆரங்களோடு வளரும் நட்சத்திரமீன், அத்தகைய மாற்றம் இயலும் என்பதற்குச் சான்று.

எனினும் வழக்கு முடிந்துவிடவில்லை. பி.எம்.பி. என்னும் சைகைப் புரதமும் அதைக் கட்டுப்படுத்தும் கார்டினும் நம்மைப் போன்ற விலங்குகளின் கருவில் பெரும்பாலும் எதிரெதிர்ப் பக்கங்களில் தோன்ற, சாமந்தியில் ஒரே பக்கத்தில் தோன்றுகின்றன. அப்படியானால் ஒரே மரபணுக் கருவிகளைச் சாமந்தியின் கிளையும் நம் கிளையும் தனித்தனியே பயன்படுத்திக்கொண்டன என்று வாதிடவும் இடமிருக்கிறது.

பேத்தியின் கல்லூரியில் பதப்படுத்திய சாமந்தி இருந்தால், அதன் குறுக்குவெட்டில் தடுப்புகளின் அமைப்பை வரைந்து அனுப்பச் சொல். உன் கருத்தையும் எழுது.

அன்புடன்,
இராமநாதன்