கல்லடி சமூகப் பட்டறையில் வழிகாட்டிகளுடன் திறந்த வேலை நேரம் ஒதுக்கித் தரக் கோரும் மனு

பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம், மண்முனை வடக்கு,
மட்டக்களப்பு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

மேக்கர்ஸ்பேஸ் என்று இளைஞர்கள் சொல்லும் எங்கள் சமூகப் பட்டறை, பாடநெறி நடக்கும் நாட்களில் மட்டுமே திறக்கிறது. மற்ற நாட்களில் சோல்டரிங் அயன்களும் ட்ரில் மெஷினும் முப்பரிமாண அச்சுப்பொறியும் பூட்டிய அறைக்குள் கிடக்கின்றன. வாரத்தில் 2 நாட்கள் பாடம் எதுவும் இல்லாமல் கதவைத் திறந்து, அவரவர் தமது வேலையைக் கொண்டுவந்து செய்யவும், வேலை தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கவும் ஏற்பாடு செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

வழிகாட்டி கட்டாயம் வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துவதற்கு, மின்னுறுப்பை ஈயம் உருக்கி ஒட்டும் ஒரு சோல்டர் பொட்டே சாட்சி. புதிதாகப் பழகுபவர் ஈயத்தை அயன் நுனியில் உருக்கி, அதைக் கொண்டுபோய் மூட்டில் தடவுவார். மின்சுற்றுப் பலகையின் செப்புத் தடம் சூடேறாததால் ஈயம் பிடிக்காமல் மணிபோல உருண்டு நிற்கும்; ஈயம் பிடிக்க உதவும் பிளக்ஸும் வழியிலேயே புகைந்து போயிருக்கும். இப்படி ஒட்டிய தோணி விளக்கு அன்றைக்கு எரியும். தோணியில் நாலு நாள் குலுங்கினால் அணைந்துவிடும். 350 பாகை செல்சியஸில் உள்ள நுனியை, உறுப்பின் காலும் செப்புத் தடமும் சேரும் இடத்தில் 2, 3 விநாடி வைத்து, ஈயக் கம்பியை எதிர்ப்பக்கத்திலிருந்து கொடுக்க வேண்டும். ஈயம் காலைச் சுற்றிப் பரவிச் சரிவாக அமர்ந்தால் மூட்டு சரி. அயனை அணைக்கும்போது நுனியில் சிறிது ஈயம் பூசியே வைக்க வேண்டும். துடைத்து வெறுமையாக விட்டால் கறுத்துப்போய், அடுத்த முறை ஈயம் ஒட்டாது. இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டுக் கைக்கு வரவைக்க முடியாது. "இன்னும் கொஞ்சம் பிடிங்க, இப்ப குடுங்க" என்று ஒருவர் பக்கத்திலிருந்து சொன்னால் பத்தாவது பொட்டிலேயே வந்துவிடும். உயர்தரத் தொழினுட்பப் பிரிவு 2013 இல் தொடங்கியது. அதில் படிக்கும் பிள்ளைகளுக்குச் செயற்றிட்டம் செய்ய இப்படியொரு மேசையும் ஆளும் மிகவும் தேவை.

ட்ரில் மெஷினில் பிழை விட்டால் கை போகும். மெல்லிய தகட்டைக் கையால் பிடித்துத் துளைக்கும்போது, அலகு மறுபக்கம் வெளிவரும் கணத்தில் தகட்டைக் கவ்விச் சுழற்றும். ஆகவே தகட்டின் அடியில் மரத்துண்டு வைத்து, இரண்டு கிளாம்பாவது போட்டு இறுக்க வேண்டும். பாதுகாப்பு என்று நினைத்துப் பலர் கையுறை போட வருவார்கள். சுழலும் அலகு கையுறையைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். துப்பட்டா, சால்வை, தொங்கும் சட்டைக்கை, கட்டாத கூந்தல் எல்லாவற்றுக்கும் இதே ஆபத்துதான். பாதுகாப்புக் கண்ணாடி அணியாத எவரையும் மெஷின் அருகில் விடவே கூடாது.

அச்சுப்பொறிக்கு எதிரி ஈரம். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள கல்லடியில், மாரி மழையில் திறந்து வைத்த பிஎல்ஏ இழை (அச்சுப்பொறி உருக்கி அச்சிடும் பிளாஸ்டிக் கம்பி) ஈரத்தை உறிஞ்சி, 200 பாகையில் உருகும்போது பொரிந்து நூல்நூலாய் இழுபடும். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத பெட்டி இருந்தால் போதும்.

நாங்கள் கேட்கும் நேரம்: புதன் பி.ப. 4 முதல் 7 வரை, சனி பி.ப. 2 முதல் 6 வரை. வெள்ளியில் ஜும்ஆவும் ஞாயிறு காலையில் அறநெறி வகுப்பும் இருப்பதால் அவற்றைத் தவிர்த்தோம். போயா தினத்தில் பட்டறை மூடியிருக்கும். ஒரு அமர்வுக்கு 10 பேர், 2 வழிகாட்டிகள். ஒருவர் மெஷின்களை விட்டு நகரவே கூடாது, மற்றவர் சோல்டர் மேசையில். ஒரே வழிகாட்டி மட்டும் வந்த நாளில் மேசை வேலை மட்டும் நடக்கும், மெஷின்கள் பூட்டியே இருக்கும். 2 மணி நேரத்துக்கு மேல் ஓடும் அச்சு வேலையை ஏற்கமாட்டோம். பாதியில் கதவைப் பூட்டிவிட்டுப் போக முடியாது. லித்தியம் பற்றரியை ஆள் இல்லாமல் சார்ஜில் விடுவதற்கும் இதே தடை. கடைசி 20 நிமிடம் துப்புரவுக்கும் கருவிகளை எண்ணி வைப்பதற்கும்.

இதற்கு வேண்டியவை அதிகமில்லை. சோல்டர் மேசையின் மின்சுற்றுக்கு மின் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஒன்று, புகையை வெளியே இழுக்கும் காற்றாடி ஒன்று, உலர்தூள் தீயணைப்பான் ஒன்று, பாதுகாப்புக் கண்ணாடி 12, முதலுதவிப் பெட்டி. ட்ரிப் சுவிட்ச் பொருத்தாமல் நாங்கள் ஒரு நாள்கூடத் தொடங்கமாட்டோம். வழிகாட்டி ஒருவருக்கு அமர்வுக்கு 1,500 ரூபா வீதம், 4 வாரத்தில் 8 அமர்வுக்கு 2 வழிகாட்டிகளுக்கும் சேர்த்து 24,000 ரூபா கொடுப்பனவாகத் தேவை. தேசிய தொழிற்தகைமை 4 ஆம் மட்டச் சான்றிதழ் உள்ளவர்களைத் தெரிவு செய்வது நல்லது. ஈயம், இழை, துளை அலகு ஆகியவற்றின் செலவை வருவோரே பகிர்ந்துகொள்வார்கள்.

முதலில் 3 மாதத்துக்கு அனுமதி தந்தால் போதும். யார் வந்தார், எந்தக் கருவி எடுத்தார், என்ன பழுதானது என்பதை ஒவ்வொரு அமர்விலும் பதிவேட்டில் எழுதி, மாத முடிவில் தங்கள் அலுவலகத்தில் கையளிப்போம். திறப்பை யார் பொறுப்பில் வைப்பது என்பதைத் தாங்களே தீர்மானித்து அறிவிக்குமாறும், அதற்கு முன் ஒரு நாள் மின்னிணைப்பைப் பரிசோதிக்கத் தகுதியான மின்னியலாளர் ஒருவரை அனுப்பி உதவுமாறும் வேண்டுகிறோம்.

இவ்வண்ணம்,
தங்கள் உண்மையுள்ள,
சமூகப் பட்டறைப் பாவனையாளர்களும் வழிகாட்டிகளும்,
கல்லடி, மட்டக்களப்பு.