சனம் அலைய வேண்டாம், சாமான் வரட்டும்

உரும்பிராய்,
யாழ்ப்பாணம்.
23.03.2020

யாழ்ப்பாண மாவட்ட அரசாங்க அதிபர் அவர்களுக்கும், 15 பிரதேச செயலாளர்களுக்கும், இந்த நாட்களில் நித்திரையின்றி நிற்கிற சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும்,

வணக்கம்.

கொரோனாவுக்காகப் போட்ட ஊரடங்கை நாளை காலை 6 மணிக்குத் தளர்த்தப் போகிறார்கள் என்று வானொலியில் சொன்னார்கள். எங்கள் ஒழுங்கை முழுக்க இப்போது அதே கதைதான். யார் எந்தப் பக்கம் போவது, எத்தனை மணிக்கு வெளிக்கிட்டால் வரிசையில் முன்னுக்கு நிற்கலாம், பெற்றோல் கிடைக்குமா என்று மதிலுக்கு மேலால் கேட்டுக்கொள்கிறோம். எனக்கோ அதைக் கேட்கக் கேட்க வயிற்றைக் கலக்குகிறது. வெள்ளிக்கிழமை நடந்ததுதான் நாளைக்கும் நடக்கப் போகிறது. வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்தில் ஒரு கொரோனா நோயாளியும் இல்லை என்ற துணிவில் கடைக்குப் போனோம். நேற்று முதலாவது ஆளுக்கு உறுதியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மாலை 6 மணியிலிருந்து ஊரடங்கு என்ற செய்தி எங்கள் பக்கம் வந்து சேர்ந்தபோது இரண்டு மணி கடந்திருக்கும். சைக்கிளை எடுத்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனேன். பலாலி வீதி தேர்த்திருவிழா போல இருந்தது. நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையில் பாதிக் கதவைச் சாத்திவிட்டுப் பத்துப் பத்துப் பேராக உள்ளே விட்டார்கள். வெளியே நின்றவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றோம். எனக்கு முன்னால் நின்ற ஐயா ஒருவர் இருமினார். எல்லோரும் சட்டென்று இரண்டடி விலகினார்கள். விலகிய இடத்துக்குள் பின்னால் நின்றவர்கள் நுழைந்தார்கள். உள்ளே போனால் அரசாங்கம் விலை குறித்த 65 ரூபாய்ப் பருப்பு முடிந்துவிட்டது, 100 ரூபாய் ரின்மீன் வரவேயில்லை. காசு வாங்கிய பெடியன் பெருவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டு நோட்டுகளை எண்ணி மிச்சக் காசு தந்தான். அந்தப் பிள்ளையில் நான் பிழை சொல்லமாட்டேன். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட அவனுக்கு நேரம் கிடைத்திராது. வீட்டுக்கு வந்து கிணற்றடியில் சவுக்காரம் போட்டுக் கை கழுவும்போதுதான் யோசித்தேன். ஒரு மீற்றர் தள்ளி நில்லுங்கள் என்று சொல்வதும் அரசாங்கம்தான், நாலு மணித்தியாலத்துக்குள் எல்லோரும் வாங்கி முடியுங்கள் என்று சொல்வதும் அரசாங்கம்தான். இரண்டையும் ஒரே சனம் எப்படிச் செய்வது?

இந்தச் சனம் ஏன் இப்படி அள்ளிக்கொண்டு போகிறது என்று சிலர் ஏசுகிறார்கள். உங்களில் பலர் இங்கே பிறந்து வளர்ந்தவர்கள், உங்களுக்குக் காரணம் தெரியும். 2006 ஆகஸ்டில், போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை பூட்டியபோது இரண்டு நாளில் திறந்துவிடும் என்றுதான் நினைத்தோம். திறக்க மூன்று வருடம் எடுத்தது. அதற்கு முன்னர் மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் தடை இருந்த காலத்தையும் பார்த்தவர்கள் நாங்கள். சீனிப் போத்தல் பாதியானால் என் அம்மாவுக்கு இன்றைக்கும் நித்திரை வராது. இதைப் பேராசை என்று சொல்லாதீர்கள். பாதை பூட்டினால் என்ன நடக்கும் என்பது எங்கள் உடம்புக்கே தெரியும், அவ்வளவுதான்.

ஆனால் அதே 2006இல் கப்பலில் வந்த அரிசியையும் மாவையும் சீனியையும் பிரித்துக் கொடுத்ததும் இதே கச்சேரிதான், உங்கள் மாவட்டச் செயலகம்தான். குடும்ப அட்டை, விதானையார் என்கிற கிராம சேவையாளர், சங்கக்கடை என்கிற கூட்டுறவுக் கடை என்று மூன்று படியில் வேலை நடந்தது. குறை இருந்தது, வரிசையும் இருந்தது. ஆனாலும் எந்த வீட்டுக்கு எவ்வளவு என்று ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கை இப்போது எடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நம் மாவட்டத்தில் 435 கிராம சேவையாளர் பிரிவுகள் இருக்கின்றன. சனத்தொகை கிட்டத்தட்ட 6 இலட்சம். ஒரு பிரிவுக்குச் சராசரியாக 1,400 பேர், நாலு பேரை ஒரு குடும்பமாக எடுத்தால் 350 வீடு. திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம், சாவகச்சேரி, நெல்லியடி என்று ஒரு சில சந்தைகளில் 6 இலட்சம் பேரின் தேவையை ஒரே காலையில் தீர்க்கப் பார்த்தால் அது மக்கள் கடல். அதையே 350 வீடாகப் பிரித்தால் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் நாலு பெடியங்களும் செய்யக்கூடிய வேலை. ஒவ்வொரு ஊரிலும் சனசமூக நிலையம் இருக்கிறது, விளையாட்டுக் கழகம் இருக்கிறது. மரணவீட்டுக்குப் பந்தல் போடவும் கோயில் அன்னதானத்துக்கு இரவிரவாகக் காய் வெட்டவும் ஓடி வருகிற பெடியங்கள் இதற்கும் வருவார்கள். அவர்களுக்கு ஒரு அனுமதிக் கடிதமும் முகக்கவசமும் கொடுங்கள், போதும். நாங்கள் இலவசம் கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்குகிறோம். வாசலுக்கு வரட்டும் என்றுதான் கேட்கிறோம்.

மரக்கறியும் அப்படித்தான். எங்கள் ஊர்த் தோட்டங்களில் பீற்றூட்டும் கோவாவும் தக்காளியும் நிற்கின்றன. சந்தை பூட்டியதால் பக்கத்து வீட்டு அண்ணை சனிக்கிழமை பறித்த தக்காளியை விறாந்தையில் சாக்கு விரித்துப் பரப்பி வைத்திருக்கிறார். இன்று காலை போய்ப் பார்த்தேன். அடியில் கிடந்தவை கசிந்து சாக்கு சிவந்துபோயிருக்கிறது. அவருடைய வாசலில் இருந்து நாலு ஒழுங்கை தள்ளி இருக்கிற வீட்டில் மூன்று நாளாகப் பருப்பும் சோறும்தான். இடையில் இருக்கிற அந்த நாலு ஒழுங்கையைக் கடக்க அவருக்கு அனுமதி இல்லை. சைக்கிளில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு கோர்ன் அடித்து வருகிறவர்களையும் மரக்கறி வண்டிக்காரரையும் தங்கள் தங்கள் பிரிவுக்குள் மட்டும் ஓட விட்டாலே பாதிச் சனம் சந்தைப் பக்கம் போகத் தேவையில்லாமல் போய்விடும்.

அடுத்தது மருந்து. சாப்பாட்டையாவது சமாளிக்கலாம். இதுதான் என்னை உண்மையாகவே பயமுறுத்துகிறது. சிறுநீரகம் பழுதாகி இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரத்தில் இரண்டு மூன்று தடவை பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு தடவை தவறினாலே மூச்சு முட்டும். தெல்லிப்பழைக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் நாள் தவறவிடக்கூடாது. இவர்கள் ஆட்டோவில் போவதா, மோட்டார் சைக்கிளில் பிள்ளை ஏற்றிக்கொண்டு போவதா? கிளினிக் கொப்பியைக் காட்டினால் விடுவார்களா, பாஸ் எடுக்க வேண்டுமா? பாஸ் என்றால் விதானையாரிடமா, பிரதேச செயலகத்திலா, பொலிஸிலா? எங்கள் ஒழுங்கையில் மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று விதமாகச் சொன்னார்கள். கொண்டுபோன ஆட்டோக்காரர் ஆளை இறக்கிவிட்டுத் தனியே திரும்பி வரும்போது அவரை மறித்தால் அவர் எதைக் காட்டுவது? இன்னொன்றையும் பார்த்துச் செய்யுங்கள். வீதியில் நிற்கிற பொலிஸாரில் பலருக்குத் தமிழ் தெரியாது, எங்களில் பலருக்குச் சிங்களம் தெரியாது. இருமலும் பதற்றமுமாக வருகிற ஒரு கிழவி தன் வருத்தத்தை எந்த மொழியில் விளங்கப்படுத்துவார்? அனுமதிப்பத்திரத்தை இரண்டு மொழியிலும் அடித்துக் கொடுங்கள்.

நெடுந்தீவாரை நினைத்துப் பாருங்கள். குறிகாட்டுவானிலிருந்து படகில் ஒரு மணித்தியாலக் கடல். நாளாந்தச் சாமானே அந்தப் படகில்தான் போகிறது. படகு நின்றால் எத்தனை நாள் நிற்கும், அவசர நோயாளியை யார் ஏற்றி வருவது என்று அங்கே உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அடிக்கடி கை கழுவுங்கள் என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். தீவுப்பகுதியில் பல ஊர்களில் கிணறு உவர், குடிதண்ணீர் பவுசரில், தண்ணீர்த் தாங்கி லொறியில்தான் வருகிறது. ஊரடங்கிலும் அந்தப் பவுசர் வரவேண்டும்.

கூலிவேலைக்காரர் பற்றி நான் நீட்டி எழுதத் தேவையில்லை, உங்களுக்குத் தெரியும். மேசன்மார், தோட்டக்கூலி, கடலுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் வேலை நின்றுவிட்டது. பனையேறுகிறவர்களை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கள்ளு விற்கிற தவறணை பூட்டினாலும் அவர்களால் மரத்தைப் பூட்ட முடியாது. காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவாவிட்டால் பாளை காய்ந்துவிடும், அந்த மரத்தின் இந்தப் பருவம் அத்தோடு போய்விடும். இறக்குகிற கள்ளை விற்க இடமில்லாவிட்டாலும் மரமேறுவதற்காவது அவர்களை விடுங்கள். அவர்களின் சங்கத்தோடு பேசி ஒரு வழி பாருங்கள்.

பிறகு, வெளியில் அகப்பட்டவர்கள். என் தங்கையின் மகள் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் அறை எடுத்து இருக்கிறாள். எதிர்பாராமல் ஊரடங்கு போட்டதில் அங்கேயே நின்றுவிட்டாள். சாப்பாட்டுக் கடை பூட்டியாயிற்று, அறையில் அடுப்பு இல்லை. பிஸ்கட்டும் தேத்தண்ணியும்தான். கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளில் தைக்கிற எங்கள் பிள்ளைகளும் இப்படித்தான் இருப்பார்கள். "மரக்கறி லொறி ஏதாவது வந்தால் அதில் ஏறி வரட்டா, பெரியம்மா?" என்று நேற்றிரவு கேட்டாள். வேண்டாம் பிள்ளை, இருந்த இடத்திலேயே இரு என்று சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர, அங்கே அவளுக்கு யார் சோறு கொடுப்பார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வரவேண்டாம் என்றால் அங்கே அவர்களுக்கு உதவ ஒரு தொலைபேசி இலக்கம் சொல்லுங்கள். வரலாம் என்றால் பெயர் பதிந்து பஸ் விட்டு, வந்ததும் 14 நாள் தனிமைப்படுத்தி, ஒழுங்காகக் கொண்டு வாருங்கள். ஒளித்து வருகிற ஒருவரை விடப் பதிந்து வருகிற நூறு பேர் பாதுகாப்பு.

ஒளித்தல் என்று சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும். நேற்றிலிருந்து வைபரில் வீடுகளின் படம் சுற்றுகிறது. இன்னார் சுவிஸிலிருந்து வந்தவர், இன்னார் சுவிஸ் போதகர் அரியாலையில் நடத்திய அந்த ஆராதனைக்குப் போனவர் என்று பெயர் போட்டு அனுப்புகிறார்கள். யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு எது? அவர்கள் அனுப்பிய காசில்தான் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிந்தது. கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் வந்தவர்களை இப்போது குற்றவாளி போலப் பார்த்தால், காய்ச்சல் வந்தவர் பனடோலைப் போட்டுக்கொண்டு பேசாமல் அறைக்குள் படுப்பார். அவருக்கு மூன்று வேளையும் சோறு கொடுத்த மனுசி தானும் ஒளிப்பார். எந்தப் பகுதியில் எத்தனை பேர் என்று நீங்களே ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் அறிவியுங்கள். பெயரையும் வீட்டையும் வெளியே விடாதீர்கள். தனிமைப்படுத்திய வீட்டு மதிலில் அறிவித்தல் ஒட்டும்போது, அந்த வீட்டுக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கப் போகிறவர் யார் என்பதையும் அதே நேரம் தீர்மானியுங்கள். உண்மையை நீங்கள் சொல்லாத இடத்தில்தான் வைபர் கதை சொல்கிறது.

சனம் சொல்லுக் கேட்காது, தடி எடுத்தால்தான் அடங்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். இன்று பங்குனித் திங்கள். மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மனுக்குப் பொங்கப் போவதை அம்மா எந்த வருத்தத்திலும் விட்டதில்லை. இந்தமுறை ஏன் போகக்கூடாது என்று இருத்தி வைத்து விளங்கப்படுத்தினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழும்பி முற்றத்தில் மூன்று கல் வைத்து, மட்டுவில் திசையைப் பார்த்துப் பொங்கினார். பொங்கலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாமா என்று என்னைக் கேட்டார். மதிலில் வைத்துவிட்டு விலகி நிற்கச் சொன்னேன், அப்படியே செய்தார்.

நாளைக்கு இடையில் எல்லாம் செய்து முடிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. இன்றிரவு ஒன்று செய்யலாம். எந்தப் பிரிவு எத்தனை மணிக்குக் கடைக்குப் போவது, பாமசியில் வயோதிபருக்கும் கர்ப்பிணிகளுக்கும் எந்த நேரம், பாஸ் எங்கே எடுப்பது, யாரை அழைப்பது என்ற நாலு விடயத்தை எழுதி, பள்ளிவாசல், கோயில், தேவாலய ஒலிபெருக்கிகளில் விடியமுன் சொல்ல வையுங்கள். அந்த ஒலிபெருக்கிகள் எங்கள் ஊரில் எல்லா ஒழுங்கைக்கும் கேட்கும்.

அம்மாவுக்கு 71 வயது. நீரிழிவும் பிரசரும் இருக்கிறது. அவருடைய கிளினிக் நாளைமறுதினம், புதன்கிழமை. கிளினிக் நடக்குமா என்று கேட்க இன்று காலையிலிருந்து ஏழு தடவை அழைத்துப் பார்த்தேன், தொடர்பு கிடைக்கவில்லை. குளிசை வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கிறது.

இப்படிக்கு,
உரும்பிராயிலிருந்து ஒரு மகள்