டெண்டர் விடுறதுக்கு முன்னாடி லாரிக்காரங்களையும் கூப்பிட்டுக் கேளுங்க

நகரத்துக்கு ரோடு, பஸ் லேன், நடைபாதைன்னு திட்டம் போடுற அதிகாரிகளுக்கும் அதுக்கு ஒப்புதல் கொடுக்குற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் பல வருஷமா லாரி புக்கிங் ஆபீஸ்ல டிரிப் போட்டு அனுப்புற வேலை பாக்குறேன். எந்த வண்டி எந்தத் தெருவுக்குள்ள நுழையும், எங்க மாட்டிக்கும், எத்தனை மணிக்குப் போனா ஓரங்கட்ட எடம் கிடைக்கும்னு நாள் முழுக்க போன்ல பேசிக்கிட்டே இருக்குற ஆளு. உங்க ஆலோசனைக் கூட்டத்துல பஸ் பயணிகள் தரப்புல ஆள் இருக்காங்க, சைக்கிள் ஓட்டுறவங்க தரப்புல இருக்காங்க, நடந்து போறவங்களுக்காகப் பேசவும் ஆள் இருக்காங்க, கண்டிப்பா இருக்கணும். ஆனா கடைக்குப் போற மூட்டை, ஆஸ்பத்திரிக்குப் போற ஆக்சிஜன் சிலிண்டர், வீடு கட்டுறதுக்குப் போற கம்பி, இதெல்லாம் அதே ரோட்டுல தான போகுது, அதைப் பத்திப் பேச அங்க ஒருத்தர் கூட இல்ல. ரோடு போட்டு முடிச்சு பெயின்ட்டும் அடிச்ச பிறகு நோ என்ட்ரி போர்டப் பாத்துதான் எங்களுக்கு விஷயமே தெரியுது.

ஒரே ஒரு முனையப் பத்தி மட்டும் சொல்றேன். ஜனங்க பத்திரமா ரோட்டக் கடக்கணும்னு அந்த முனையில பிளாட்பாரத்த முன்னாடி இழுத்துக் கட்டி வளைவச் சின்னதாக்குனாங்க. நல்ல எண்ணந்தான், காரெல்லாம் இப்ப வேகத்தக் குறைச்சுத்தான் திரும்புது. ஆனா நீள வண்டி திரும்புறப்ப பின் வீல் முன் வீல் போன தடத்துல போகாது, உள்பக்கமா வெட்டிக்கிட்டுதான் வரும், இது புதுசா சேர்ந்த கிளீனர் பையனுக்குக்கூடத் தெரியும். வேலை முடிஞ்ச முதல் வாரமே எங்க வண்டியோட பின் வீல் அந்தப் பிளாட்பாரத்து மேல ஏறி இறங்கிடுச்சு. சிக்னலுக்காக ஜனங்க வந்து நிக்கிறதுக்குன்னே கட்டுன எடம் அது. அந்த நேரத்துல யாரும் நிக்கல, அவ்வளவுதான் தப்பிச்சோம். டிரைவர் அண்ணன் போன் பண்ணி, "தம்பி, இனிமே என்னை அந்தப் பக்கம் அனுப்பாத"ன்னு சொன்னப்ப அவர் குரல் நடுங்குனது இன்னிக்கும் என் காதுல இருக்கு.

அந்த முனையோட டிராயிங்க ஒரு டிரைவர்கிட்ட பத்து நிமிஷம் காட்டியிருந்தா போதும். வளைவோட ஓரத்துல தாழ்வா, கரடுமுரடா ஒரு பட்டை விட்டு, கார்க்காரன் அதுல ஏறாம சுத்தி வர மாதிரியும் லாரியோட பின் வீல் மட்டும் அதுல ஏறிப் போற மாதிரியும் செஞ்சு, ஜனங்க நிக்கிற எடத்த அதுக்குப் பின்னால தள்ளி வச்சிருக்கலாம், இல்லன்னா லாரி அகலமா எடுத்துத் திரும்ப எடம் கிடைக்கிற மாதிரி, எதிர்ல வர வண்டிங்க நிக்கிற கோட்டையாவது கொஞ்சம் பின்னாடி போட்டிருக்கலாம். ரெண்டுமே பல ஊர்ல செய்யுறதுதான்.

இது நான் புதுசா கண்டுபிடிச்சு கேக்குறதும் இல்ல. அமெரிக்காவுல போர்ட்லாந்து நகரத்துல 2003லயே சரக்குப் போக்குவரத்துக்குன்னு ஒரு ஆலோசனைக் குழு வச்சாங்க, 2006ல சரக்குக்குன்னே தனித் திட்டமும் வந்துச்சு. சியாட்டில்ல 2010ல அதே மாதிரி ஒரு குழு வந்துச்சு. முக்கியமான விஷயம் என்னன்னா, அந்த ரெண்டு ஊர்லயும் சைக்கிளுக்கும் நடந்து போறவங்களுக்கும் தனித்தனி ஆலோசனைக் குழு இருக்கு. ஒரு தரப்ப உள்ள விட்டதால இன்னொரு தரப்ப வெளிய தள்ளல.

உங்கள்ல பல பேருக்கு இருக்குற பயமும் எனக்குப் புரியுது. இவங்கள உள்ள விட்டா ரோட்ட அகலமாக்கு, சைக்கிள் லேன எடு, மரத்த வெட்டுன்னு ஆரம்பிப்பாங்க, காசுள்ள கம்பெனிக்காரங்க கூட்டத்தையே வளைச்சுப் போட்டுருவாங்கன்னு நினைக்கிறீங்க. நியாயமான பயம் தான். எங்க ஆளுங்கள்ல சில பேர் அப்படித்தான் பேசுவாங்க, நான் மறைக்கல. அதனாலதான் ஆலோசனை சொல்ற எடம் போதும், திட்டத்தத் தடுக்குற அதிகாரம் வேண்டாம்னு நானே சொல்றேன். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துல கடைசி வார்த்தை உங்களுதாத்தான் இருக்கணும். லண்டன்ல 12 டன்னுக்கு மேல உள்ள லாரிங்களுக்கு, டிரைவர் சீட்ல உக்காந்து கண்ணாடியோ கேமராவோ இல்லாம நேரா எவ்வளவு பாக்க முடியுதுன்னு 0லருந்து 5 வரைக்கும் ஸ்டார் கொடுத்து பெர்மிட் முறை கொண்டுவந்தாங்க, 2021 மார்ச்லருந்து அத மீறுனா அபராதம், 2024 அக்டோபர்ல குறைஞ்சது 3 ஸ்டார் வேணும்னு உயர்த்திட்டாங்க, அது இல்லாத வண்டி கூடுதல் பாதுகாப்புக் கருவி மாட்டியாகணும். உயரமான கேபின்ல டிரைவருக்கு மறுபக்கத்துல ஒட்டி வர சைக்கிள்காரர் கண்ணுக்கே தெரிய மாட்டாரு, அந்தப் பயத்தோடவே எங்க டிரைவருங்க ஒவ்வொரு நாளும் வண்டி ஓட்டுறாங்க. செலவு ஆகும்தான், ஆனா அப்படி ஒரு விதி வந்தா முதல்ல நிம்மதியா தூங்குறது அவங்கதான்.

அப்புறம் யார உக்கார வைக்கிறீங்கங்கிறதுதான் எல்லாத்தையும் விடப் பெரிய கேள்வி, இத தயவுசெஞ்சு கவனமாப் படிங்க. சரக்குத் தரப்புன்னதும் பெரிய கம்பெனி மேனேஜரையும் சங்கத் தலைவரையும் மட்டும் கூப்பிட்டுட்டு முடிச்சுக்காதீங்க. ஸ்டியரிங் பிடிக்கிறவர் வரணும், மூட்டை இறக்குற லோடுமேன் வரணும், சின்ன வண்டியில பார்சல் கொண்டு போறவர் வரணும். முக்கியமா சரக்கு வாங்குற கடைக்காரங்க வரணும், ஏன்னா எத்தனை மணிக்கு லோடு இறங்கணும்னு முடிவு பண்றது லாரிக்காரன் கிடையாது, வாங்குறவங்கதான். அவங்க காலையில கடை திறக்குற நேரத்துல கேட்டா நாங்க அந்த நெரிசல்லதான் வந்தாகணும், வேற வழி இல்ல. நியூயார்க்ல 2009, 2010ல ராத்திரி 7 மணிலருந்து காலையில 6 மணிக்குள்ள டெலிவரி பண்ணிப் பாத்தாங்க, அப்ப சரக்கு வாங்குறவங்களுக்குத்தான் ஊக்கத்தொகை கொடுத்து சம்மதிக்க வச்சாங்க. வண்டிங்க வேகமாப் போய் வந்துச்சு, அபராதமும் குறைஞ்சுச்சு. லாரிக்கு மட்டும் தடை போட்டா இந்த மாதிரி பலன் வராது, ராத்திரி சத்தத்தால தூக்கம் கெடுறவங்களையும் அதே கூட்டத்துல வச்சுப் பேசிக்கிட்டா இன்னும் நல்லது.

கூட்டத்த காலையில 11 மணிக்கு வச்சா டிரைவர் வர மாட்டாரு, ராத்திரி ஓட்டிட்டு அப்பதான் படுத்திருப்பாரு. டிரிப்ப விட்டுட்டு வந்தா அன்னிக்குக் கூலி போயிடும், அதுக்கு ஒரு படிக்காசு கொடுங்க. யார் என்ன சொன்னாங்கன்னு எழுதி எல்லாரும் பாக்குற மாதிரி வெளியிடுங்க, பேசுற ஆளோட குடோன் அந்த ரோட்டுலயே இருந்தா அத முதல்லயே சொல்ல வைங்க. நாங்க சொன்னத ஏத்துக்கலன்னா ஏன்னு ரெண்டு வரி எழுதிக் கொடுத்தா போதும், சண்டைக்கு வர மாட்டோம்.

அடுத்து எந்த முனைய இடிச்சுக் கட்டப் போறீங்களோ அந்த டிராயிங் டெண்டருக்குப் போறதுக்கு முன்னாடி சொல்லி அனுப்புங்க. நீள வண்டி ஒண்ண எங்க ஆபீஸ்ல இருந்து நான் அனுப்பி வைக்கிறேன், ரோட்டுல சுண்ணாம்பால கோடு போட்டு, ஜனங்க நிக்கப் போற எடத்துல நீங்களே நின்னு, அது திரும்புறப்ப பின் வீல் எங்க வருதுன்னு பாருங்க. அந்த டிரைவர் அண்ணனையே வண்டியோட வரச் சொல்றேன்.

இப்படிக்கு,
லாரி புக்கிங் ஆபீஸ்ல டிரிப் போடுற ஒருத்தன்