கச்சான் காலத்தில் ஒரு கடிதம்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. கனடாவில், உன் கல்கரியில், கோடையிலும் இரவில் போர்வை தேவை என்று எழுதியிருந்தாய். வயிறெரிந்தது! இங்கே கச்சான் காற்று அனலாய் அடிக்கிறது. ஓட்டைக் கழற்றிவிட்டுக் கொங்கிறீட் கூரை போட்ட என் புத்தியை நானே திட்டிக்கொண்டு படுக்கிறேன். பகல் முழுக்கக் குடித்த வெயிலை நடுச்சாமம் வரை அது கக்குகிறது.

அந்த எரிச்சலில்தான் உன் ஊருக்குத் தெற்கே இருக்கும் ஒகோடோக்ஸ் ஞாபகம் வந்தது. அங்கே டிரேக் லாண்டிங் என்று 52 வீடுகள். கராஜ் கூரைகளில் 800 சூரியத் தகடுகள். மின்சாரத்துக்கு அல்ல, சூடு பிடிக்க. பிடித்த சூட்டை நீரில் ஏற்றி, ஏறத்தாழ 35 மீற்றர் ஆழமான 144 துளைகள் வழியே நிலத்துக்குள் இறக்குவார்கள். கோடை முடியும்போது அந்த மண் 80 பாகை வரை சூடேறியிருக்கும். பனிக்காலத்தில் அதே சூடு வீடுகளுக்குத் திரும்பும். என் கூரை அரை நாள் வைத்திருப்பதை அந்த மண் அரை ஆண்டு வைத்திருந்தது.

சூடு ஒழுகிப் போகாதா என்று கேட்பாய். ஒழுகும்தான். ஆனால் கோப்பைச் சோறு ஆறுகிற வேகத்திலா அண்டாச் சோறு ஆறுகிறது? சூடு போவது வெளிப்பரப்பு வழியே. பெரிதாகப் பெரிதாக, உள்ளே இருப்பதோடு பார்த்தால் அந்தப் பரப்பு குறைவு. அதனால் ஒரு தனி வீட்டுக்கு இது சரிவராது, ஊராகச் சேர்ந்தால்தான். பொறுமையும் வேண்டும். 2007இல் தொடங்கியது, முதல் சில ஆண்டுகள் மண்ணைச் சூடாக்கவே போயின. 2015-16 குளிர்காலத்தில்தான் வீடுகளுக்கு வேண்டிய சூடு முழுக்க வெயிலிலிருந்தே வந்தது.

பிறகு 2024இல் மூடிவிட்டார்கள். பாகங்கள் பழுதாகின, மாற்றுப் பாகம் கிடைப்பது பாடாய்ப் போயிற்று, வீடுகள் எரிவாயுவுக்கு மாறின. எனக்கு அதில் கோபம்தான். மண் தன் வேலையைச் செய்தது, மச்சான். காலை வாரியது மேலே இருந்த சாமான்.

சரி, நமக்குச் சேமித்து வைக்கக் குளிர் ஏது? வெயிலை உள்ளே விடாமல் தடுப்பதுதான் வழி. கூரைக்கு மேலே கிடுகுப் பந்தல் போடப்போகிறேன். மாரிக் காற்றில் அது கோணேசர் மலைக்குப் பறந்துவிடும் என்கிறாள் உன் தங்கச்சி.

அடுத்த முறை ஒகோடோக்ஸ் பக்கம் போனால், அந்தத் தகடுகள் இன்னும் கூரையில் இருக்கின்றனவா என்று பார்த்து எழுது. பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லு.

உன்,
பழைய வாங்குத் தோழன்