‘குடும்பத்தோடு கவலையில்லாமல் போகலாம்’ என்று எழுதினீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் இதழோடு வந்த கோடை இணைப்பில், தீம் பார்க்குகளைப் பற்றிய கட்டுரையில் ‘குழந்தைகள், பெண்கள், பெரியவர்கள் என்று குடும்பத்தோடு கவலையில்லாமல் போகலாம்’ என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. எழுதியவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். ஆனால் அவர் விடுமுறை நாளில் போனாரா, வீட்டுப் பெண்களை அழைத்துக்கொண்டு போனாரா, அந்த வரிசையில் நின்றாரா என்று கேட்க விரும்புகிறேன். நாங்கள் இந்த மே மாதம் போய்வந்தோம்.

எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றித் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்னி நட்சத்திர நாட்களில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். பாலாற்றில் மணல்தான் கிடக்கிறது. ஏலகிரியில் படகு விடலாம், பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கிவிட முடியாது. அதனால்தான் குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் விடியற்காலையில் வேன் பிடித்துச் சென்னைப் பக்கமோ பெங்களூரு பக்கமோ போகிறோம். வேன் வாடகை, சுங்கக் கட்டணம், உள்ளே தலைக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் டிக்கெட், லாக்கர், தண்ணீரில் இறங்க நைலான் உடை, உள்ளே விற்கிற விலைக்குச் சாப்பாடு. ஒரு குடும்பம் வருடம் முழுக்கப் பணம் சேர்த்துப் போகிற இடம் அது.

நாங்கள் போன பார்க்கின் பெயரை எழுதவில்லை. ஒரு பார்க்கின் மேல் மட்டும் பழி போடுவதில் எனக்கு விருப்பமில்லை. வேறு பார்க்குகளுக்குப் போய்வந்த உறவினர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

பெரிய சறுக்குக்கு ஏறும் படிக்கட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். முன்னாலும் பின்னாலும் இளைஞர்கள். எல்லாரும் ஒரே நிற டி-சர்ட், ஏதோ கம்பெனியிலிருந்து கூட்டமாக வந்தவர்கள். ஒருவனை ஒருவன் கூப்பிடுவதே தாயைப் பழிக்கிற வார்த்தையால்தான். சண்டை இல்லை, கோபம் இல்லை. ‘இங்கே வா’ என்பதற்கும் அதே வார்த்தை, ‘சூப்பர்’ என்பதற்கும் அதே வார்த்தை. நடுவில் என் மருமகளும் பேத்தியும் நிற்கிறார்கள். இன்னொரு கும்பல் ‘எங்க ஆளு முன்னாடி நிக்கிறான்’ என்று கம்பித் தடுப்பைத் தாண்டிக் குதித்து எங்களை இடித்துக்கொண்டு போனது. ‘தம்பி, பெண்கள் நிற்கிறார்கள், கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள்’ என்றேன். அதற்குக் கிடைத்த பதிலை இங்கே எழுத முடியாது. என் மருமகள் கையைப் பிடித்து, ‘மாமா, விடுங்க, கீழே போயிடலாம்’ என்றாள். அவ்வளவு நேரம் நின்ற வரிசையை விட்டுவிட்டு இறங்கினோம். பேத்தி அழுதாள். வேவ் பூலில் இன்னும் மோசம். சைரன் ஊதி அலை வரும்போதெல்லாம் ஒரு கூட்டம் சேர்ந்து கெட்ட வார்த்தையைக் கோஷம் போலக் கத்துகிறது. நனைந்த உடையோடு கரையேறும் பெண்களைச் செல்போனில் படம் எடுக்கிறவர்களையும் பார்த்தேன்.

அலுவலகத்தைத் தேடிப் போய்ப் புகார் சொன்னேன். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ‘பெரியவரே, லீவு நாள்னா பசங்க அப்படித்தான் இருப்பாங்க. கண்டுக்காம நீங்க என்ஜாய் பண்ணுங்க.’ இந்த வாக்கியம்தான் இத்தனை நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

நான் யார் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். நான் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவன். எங்கள் போக்குவரத்துக் கழகத்துக்குப் பட்டுக்கோட்டை அழகிரி பெயர் இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மாவட்டத்துக்கு அப்போது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர். பேரணாம்பட்டு வண்டியிலும் பரதராமி வண்டியிலும் ஓய்வு பெறும்வரை ஓடியிருக்கிறேன். கெட்ட வார்த்தை காதில் விழுந்ததும் துடித்துப்போகிற ஆள் இல்லை நான். சில்லறைத் தகராறு, சீட்டுத் தகராறு, கடைசி ட்ரிப்பில் குடித்துவிட்டு ஏறுகிறவர்கள் என்று எல்லாவற்றையும் பார்த்தவன். ஆனால் என் வண்டியில் பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருக்கும்போது ஒருவன் வாய் நீண்டால், ஒற்றை விசில் கொடுத்து வண்டியை நிறுத்துவேன். ‘வாயை மூடிக்கொண்டு வா, இல்லை, இறங்கிக்கொள்’ என்பேன். பெரும்பாலும் வாயை மூடிக்கொள்வார்கள், ஏனென்றால் வண்டியில் இருக்கிற மற்றவர்களும் அப்போது என் பக்கம் பேசத் தொடங்குவார்கள். யாராவது ஒருவர் முதலில் பேச வேண்டும், அதற்கு அவருக்கு ஓர் அதிகாரம் இருக்க வேண்டும். பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. ஆயிரம் ரூபாய் டிக்கெட்டுக்கு ‘கண்டுக்காதீங்க’ என்ற பதில்தானா?

இது என் சொந்தக் கொள்கையும் இல்லை, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. 1998-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி ஈவ் டீசிங்கால் உயிரிழந்தபின் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது தங்களுக்கு நினைவிருக்கும். பேருந்து நிறுத்தம், சினிமா தியேட்டர், கடற்கரை, திருவிழா நடக்கும் இடம் என்று பட்டியல் போட்ட அந்தச் சட்டத்தில் பூங்காவும் இருக்கிறது. 2022-ல் மோட்டார் வாகன விதிகளையும் திருத்தினார்கள். பெண்களிடம் தவறாக நடப்பவரை நடத்துநர் இறக்கிவிடலாம், காவல் நிலையத்திலும் ஒப்படைக்கலாம். பொது இடத்தில் மற்றவர்களுக்குத் தொல்லையாக ஆபாச வார்த்தை பேசினால் மூன்று மாதம் வரை சிறை என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294-ஆம் பிரிவில் இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 296-ஆம் பிரிவாக இருக்கிறது. அந்தப் பையன்களைச் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சட்டத்தில் குற்றம் என்று எழுதியிருப்பதை ‘லீவு நாள்’ என்று சொல்லி ஒதுக்கும் அதிகாரத்தை அந்த அலுவலகத்துக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்கிறேன்.

அங்கே ஆட்கள் இல்லாமலும் இல்லை. நுழைவாயிலில் ஒவ்வொரு பையையும் பிரித்துப் பார்த்தார்கள். என் மனைவி கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தை வெளியே எடுத்து வைக்கச் சொன்னார்கள். சின்னப் பிள்ளைக்கு மட்டும் கொஞ்சம் கொண்டுபோகிறோம் என்று கெஞ்சியும் விடவில்லை. ஒரு பொட்டலம் சோற்றை அவ்வளவு கண்டிப்பாகத் தடுக்க முடிகிறவர்களால், மற்றதையும் தடுக்க முடியும். வேவ் பூலில் விசிலோடு நின்ற பையன்கள் வட மாநிலத்துப் பிள்ளைகள். அவர்களுக்கு அந்த வார்த்தைகளின் அர்த்தமே தெரியாது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், தண்ணீரில் ஆள் மூழ்காமல் பார்த்துக்கொள்வதற்கே அவர்களுக்குக் கண் போதவில்லை. தமிழ் தெரிந்த ஒருவரை நிறுத்த நிர்வாகத்துக்குத்தான் மனம் வரவில்லை.

கூட்டம் என்றால் அப்படித்தான் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். எங்கள் ஊரில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. முத்தியாலம்மன் கோயிலிலிருந்து கோபாலபுரம் வரை சிரசு ஊர்வலம் வரும்போது தெருவில் கால் வைக்க இடம் இருக்காது, வெயிலும் இதே வெயில்தான். அந்த நெரிசலிலும் ஒருவன் பெண்கள் பக்கத்தில் வாய் தவறினால் முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் ‘டேய்’ என்று அதட்டுவார், அவனும் அடங்குவான். இப்போது அங்கேயும் அது குறைந்து வருகிறது, அந்த வருத்தமும் எனக்கு உண்டு. மோர்தானா அணை நிரம்பி வழிகிற நாட்களில் போனால் பாட்டில் உடைகிற சத்தமும் வசவும்தான் முதலில் கேட்கிறது. வேலூர்க் கோட்டைக்கு எதிரே சாயங்காலம் உட்கார்ந்தால் பள்ளிச் சீருடையிலேயே அந்தப் பேச்சு. வீட்டுக்குள் பேரன் ஆன்லைன் கேம் விளையாடினால் ஹெட்போனிலிருந்து முகம் தெரியாத யாரோ வீட்டில் இருக்கிற பெண்களையெல்லாம் இழுத்துத் திட்டுகிறான். சினிமாவிலாவது தணிக்கைக்குழு அந்த இடத்தில் ஒலியை நிறுத்துகிறது.

கிராமத்துப் பையன்கள், படிக்காதவர்கள் என்று தங்கள் வாசகர்களில் சிலர் உடனே நினைக்கலாம். தயவுசெய்து அப்படி நினைக்க வேண்டாம். என் வண்டியில் ஏறிய பீடி சுற்றும் அம்மாக்களும், தோல் தொழிற்சாலைக்குப் போகிற ஆட்களும், கைலி நெய்கிறவர்களும் பேசிய பேச்சு எனக்குத் தெரியும். கோபத்தில் திட்டுவார்கள், அடுத்த ஸ்டேஜுக்குள் சமாதானமாகிவிடுவார்கள். பக்கத்தில் சின்னப் பிள்ளை இருந்தால் குரலைத் தாழ்த்துவார்கள். நான் பார்க்கில் பார்த்தது நல்ல சம்பளம் வாங்குகிற, ஆங்கிலம் கலந்து பேசுகிற இளைஞர்கள். ஆண் பிள்ளைகள் இரண்டு பேர் திட்டிக்கொள்ளும்போது அடி விழுவது எப்போதும் ஒரு தாய் மேலும் ஓர் அக்கா மேலும்தான். அதைக் கேட்டுக்கொண்டு வரிசையில் நிற்பதும் ஒரு தாயும் ஓர் அக்காவும்தான்.

வீடு வந்து சேர்வதற்குள் செல்போனில் ஒரு செய்தி. எங்கள் பார்க் அனுபவத்துக்கு எத்தனை ஸ்டார் கொடுப்பீர்கள் என்று கேட்டிருந்தார்கள். நான் சொன்ன புகாருக்கு இன்றுவரை ஒரு பதிலும் இல்லை.

நான் கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. டிக்கெட் கவுண்டரில் ‘ஆபாசமாகப் பேசுகிறவர்கள் வெளியேற்றப்படுவார்கள், கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது’ என்று தமிழில் ஒரு பலகை வைக்கட்டும். உடனே கூப்பிட ஒரு போன் நம்பரை அதிலேயே எழுதட்டும். பெரிய வரிசைகளில் தமிழ் தெரிந்த, வெளியேற்றும் அதிகாரம் உள்ள ஓர் ஆளை நிறுத்தட்டும். கம்பெனிகளுக்கும் கல்லூரிகளுக்கும் கும்பலாகச் சலுகை விலையில் டிக்கெட் கொடுக்கும்போது, அழைத்து வருகிற பொறுப்பாளரிடம் இந்த நிபந்தனைக்கும் கையெழுத்து வாங்கட்டும். தாங்கள் அடுத்த முறை இப்படி ஓர் இணைப்பு வெளியிடும்போது, எத்தனை சறுக்கு, எத்தனை ராட்டினம் என்று எழுதுகிற இடத்தில், புகார் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொரு பார்க் நிர்வாகத்திடமும் கேட்டு அவர்கள் சொல்கிற பதிலையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். அதைப் பார்த்து எங்கே போவது என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.